திருவிருந்தும் சாதியும்
தஞ்சைக் கிறித்தவர் உபதேசத்தை மறுத்த வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

யோவான் எழுதிய நற்செய்தி நூலின் ஆறாம் இயலில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. இயேசு பெருமான் கப்பர்நகூமில் ஆற்றிய உரையைக் கேட்ட சீடர் பலர் அதன் கடுமையைக் கண்டு மனங்கலங்கினர்; பலர் அவரை விட்டு நீங்கியும் சென்றனர். நீங்கினவர் செயல் எளிதில் விளங்குவது. ஏற்க இயலாததை ஏற்க இயலாதென வெளிப்படையாகக் கூறி அவர்கள் விலகினர். நீங்காமல் நின்றவர் யாவரும் அவ்வுபதேசத்தை முழுதும் ஏற்றனரா என்பதே கடினமான வினா. சமயத்தைக் கைவிடாமல், அதன் திருநாமத்தைத் தரித்துக்கொண்டே, அதன் உபதேசங்களுள் ஒன்றனை மட்டும் ஒதுக்கி வைத்து வாழ்தல் கூடும். அங்ஙனம் வாழ்வோர் நம்பிக்கையற்றவர் என்று தள்ளப்படத் தக்கவரும் அல்லர். நம்பிக்கையை நிறைவாகக் கொண்டவர் என்று போற்றப்படத் தக்கவரும் அல்லர்.

இத்தகைய மறுப்பிற்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் தெளிவான சான்றாக விளங்குவது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் எழுந்த சாதிப் பூசலாகும். இப்பூசலில் முன்னின்றவர் தமிழிலக்கிய வரலாறு நன்கறிந்த வேதநாயக சாத்திரியார் (1774–1864). பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியராக அவரைப் போற்றும் நம் இலக்கிய வரலாறுகள் இப்பகுதியைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளிலேயே கடந்து செல்கின்றன. அங்ஙனம் கடத்தல் அவருக்கும் நீதியன்று. அவர் மறுப்பினால் துன்புற்றோர்க்கும் நீதியன்று. ஆகவே, எவ்வுபதேசம் மறுக்கப்பட்டது, மறுத்தவர் எக்காரணங்களைக் காட்டினர், அக்காரணங்களுள் நிற்பன எவை, வீழ்வன எவை என்பவற்றை ஈண்டு முறையே ஆராய்வாம்.

2. மறுக்கப்பட்ட உபதேசம்

புதிய ஏற்பாட்டில் ஒரே பந்தியில் அமர்தல் சிறிய செய்தியன்று. யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் இயல் வழிபாட்டுக் கூட்டத்தில் இருக்கை அளிக்கும் முறையையே எடுத்துக்கொண்டு பேசுகின்றது. பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்லிடமும், கந்தையுடுத்தி வருபவனுக்குக் காலடியில் இடமும் அளித்தல் பாவமென அந்நிருபம் கண்டிக்கின்றது. கொரிந்து நகரத்துச் சபையார் திருவிருந்திற்காகக் கூடியபோது, செல்வர் முன்னரே உண்டு நிறைவெய்த ஏழைகள் பசித்திருந்தனர். அதனைக் கேள்வியுற்ற பவுல், அத்தகைய விருந்து ஆண்டவரின் விருந்து ஆகாது என்று இடித்துரைத்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் யூதர், கிரேக்கர், அடிமை, தன்னுரிமையுடையோன் என்னும் வேறுபாடுகள் கிறித்துவுக்குள் ஒன்றாகி விடுகின்றன என்பது அவர் உபதேசம்.

இவ்வுபதேசம் தொடக்கத்திலேயே மறுப்பிற்கு உள்ளாயிற்று என்பது கருதத்தக்கது. அதுவும் சாதாரண மக்களிடமிருந்து அன்று. தலைமைத் திருத்தொண்டராகிய பேதுருவிடமிருந்தே அம்மறுப்பு எழுந்தது. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உடனிருந்து உண்டு வந்த அவர், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சிப் பந்தியினின்று விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். பேதுரு உபதேசத்தை அறியாதவர் அல்லர். அதனைச் சொல்லால் மறுத்தவரும் அல்லர். உடனுண்ணும் வேளையில் உறவினரும் ஊராரும் என்ன நினைப்பர் என்னும் அச்சமே அவரைப் பின்வாங்கச் செய்தது. தஞ்சைப் பூசலின் வித்து இந்நிகழ்ச்சியிலேயே காணக் கிடக்கின்றது.

3. கத்தோலிக்கத் திருப்பணியில் முன்வரலாறு

சாதி என்பது சமயத்தைச் சார்ந்ததா, உலகியல் வழக்கைச் சார்ந்ததா என்னும் வினா தஞ்சைக்கு இருநூறு ஆண்டுகள் முன்னரே எழுந்துவிட்டது. 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை குலத்தையும் மதிப்பையும் உணர்த்தும் உலகியல் அடையாளங்களேயன்றி வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். அவற்றைக் கைவிடாமலே ஒருவர் கிறித்தவராகலாம் என்பது அவர் துணிபு. 1623ஆம் ஆண்டில் பதினைந்தாம் கிரகோரி என்னும் பாப்பரசர் அவ்வடையாளங்கள் பலவற்றிற்கு இசைவளித்தார். ஆயினும் அவ்வாணையிலேயே ஓர் அறிவுரையும் இடம் பெற்றது. உயர்குலத்தார் தாழ்ந்தோரை இகழாமல், அவர்களோடு ஒரே ஆலயத்தில் திருமறையைக் கேட்கவும் அருட்சாதனங்களைப் பெறவும் வேண்டுமென அவர் வேண்டினார்.

அடையாளங்களுக்குக் கிடைத்த இசைவு நடைமுறைக்கு வந்தது. அறிவுரையோ ஏட்டளவில் நின்றது. நாளடைவில் உயர்குலத்தார்க்குப் பிராமண சந்நியாசிகள் என்றும், ஏனையோர்க்குப் பண்டாரசாமிகள் என்றும் குருமாரே இருவகையினர் ஆயினர். பாப்பரசரின் தூதராய்ப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பார், 1704ஆம் ஆண்டில் நோயுற்ற பறையர் இல்லங்களுக்குச் சென்று இறுதிச் சடங்கு அளிக்கக் குருமார் தயங்குதல் கூடாதென ஆணை பிறப்பித்தார். நாற்பது ஆண்டுப் பூசலுக்குப் பின்னர், 1744ஆம் ஆண்டில் பதினான்காம் பெனடிக்ட் அவ்வாணையை உறுதி செய்தார். ஆயினும் பறையர்க்கெனத் தனிக் குருமாரை அமர்த்திக்கொள்ள இடங்கொடுத்தார். சட்டம் உபதேசத்தின் பக்கம் நின்றது. சட்டத்தில் விடப்பட்ட வாயிலோ வழக்கத்தின் பக்கம் திறந்தது. மறுப்பு என்பது எப்பொழுதும் உரத்த குரலில் எழுவதன்று. சலுகை என்னும் உருவிலும் அது வந்து புகும் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

4. தரங்கம்பாடியில் நிலைபெற்ற வழக்கு

1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடிக்கு வந்தபின் சீர்திருத்தக் கிறித்தவம் தமிழ்நாட்டில் வேரூன்றத் தொடங்கியது. 1718ஆம் ஆண்டில் அங்கே புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அவ்வாலயத்தில் வேளாளர் முதலியோர் ஒருபுறமும், பறையர் மற்றொருபுறமும் தனித்தனியே அமரும் வழக்கம் நிலைபெற்றது. கூரை ஒன்று, மறையுரை ஒன்று. அமரும் நிலமோ இரண்டு.

இவ்வழக்கம் இருக்கையளவில் நின்றுவிடவில்லை என்பதற்கு இராசநாயக்கன் என்னும் உபதேசியார் வாழ்க்கை தக்க சான்று. பறையர் குலத்தில் தோன்றிய அவர் தஞ்சை மன்னர் படையில் பணியாற்றியவர்; தரங்கம்பாடி அச்சகத்திலிருந்து வெளிவந்த தமிழ்த் திருமறைப் பகுதியைத் தாமே கற்று, 1720களின் இறுதியில் அச்சபையிற் சேர்ந்தவர். பின்னர்த் தஞ்சைச் சீமையில் உபதேசியாராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இன்னல்களுக்கிடையே உழைத்து 1771ஆம் ஆண்டில் மறைந்தார். இந்நாட்டவருள் ஒருவரைக் குருவாக அபிடேகம் செய்ய நேர்ந்த போது, 1733ஆம் ஆண்டில் வேளாளராகிய ஆரோன் என்பார் தெரிந்தெடுக்கப்பட்டார். 1741ஆம் ஆண்டில் தியோகு என்பார் இரண்டாமவரானார். இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். அவருடைய கல்வியிலோ ஒழுக்கத்திலோ குறை காணப்பட்டதன்று. அவர் கையினின்று திருவிருந்தைப் பெற மேற்குலக் கிறித்தவர் இசையார் என்பதே அயல்நாட்டுக் குருமார் தம் மடல்களிற் குறித்த காரணம்.

ஈண்டு மறுத்தவர் யார் என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். மேற்குலத்தார் மறுப்பர் என்று குருமார் எண்ணினர். எண்ணிய அளவிலேயே பணிந்தனர். உபதேசம் செய்பவர் தம் உபதேசத்தைத் தாமே தளர்த்திக் கொண்ட பின்னர், கேட்பவர் அதனைத் தளர்வில்லாக் கட்டளையாகக் கொள்வர் என எதிர்பார்த்தல் இயலாது. நூறாண்டுகள் கழித்துத் தஞ்சையார், பழைய குருமார் எங்களுக்கு இதனை அனுமதித்தனர் என்று கூறியபோது, அவர்கள் கூற்றில் பொய் இல்லை.

5. சாத்திரியாரும் நான்கு முறையீடுகளும்

வேதநாயக சாத்திரியார் பாளையங்கோட்டையில் வேளாளர் குடியில் தோன்றினார். இளமையிலேயே சுவார்ட்சு ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் அவ்வையரின் அரவணைப்பில் கற்றவரே. இருவர்க்கும் இடையே நட்பு நிலைபெற்றது. மன்னர் தம் குலதெய்வத்தின் மீது குறவஞ்சி பாடுமாறு வேண்டியபோது சாத்திரியார் தெய்வ வணக்கம் பாட இசையாமல் மறுத்தார் என்று அவர் மரபினர் வழங்கும் செய்தி ஒன்றுண்டு. அச்செய்தி எவ்வாறாயினும், அவர் நம்பிக்கை உறுதியானது என்பதற்கு அவர் நூல்களே சான்று. பெத்லகேம் குறவஞ்சியும், ஞானத்தச்ச நாடகமும், செபமாலையும், எண்ணற்ற கீர்த்தனங்களும் வேடத்திற்காகச் சமயத்தை மேற்கொண்ட ஒருவரால் இயற்றப்பட்டிருத்தல் இயலாது. மக்களிடையே நிலவிய மூடப் பழக்கங்களைச் சாத்திரக்கும்மியில் எள்ளி நகையாடியவரும் அவரே. ஆகவே, சாதியைக் குறித்த அவர் நிலையை அறியாமையின் விளைவு என்றோ, பழைய சமயத்தின் எச்சம் என்றோ தள்ளிவிடுதல் பொருந்தாது.

சுவார்ட்சு ஐயர் 1798ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த தலைமுறையில் வந்த குருமார் வேறு மனப்பாங்கு உடையோர். 1820களில் தஞ்சைச் சபைகள் ஆங்கிலத் திருச்சபையின் பொறுப்பிற்குட்பட்டன. புதிய குருமார் பழைய வழக்கங்களைத் திருத்த முனைந்தனர். அவற்றை எதிர்த்துச் சாத்திரியார் 1829ஆம் ஆண்டையொட்டி உரைநடையில் கண்டன நூல்களும் முறையீடுகளும் எழுதினார். அவர் கொடுமை எனக் குறித்தவை நான்கு. பப்ரிசியசு ஐயர் மொழிபெயர்த்து மக்கள் நாவிற் பயின்றிருந்த திருமறையை இரேனியசு ஐயர் முதலியோர் மாற்றியமைக்க முற்பட்டது ஒன்று. சாதி வேறுபாடின்றி ஆலயத்தில் ஒன்றாக அமரவும் திருவிருந்தில் ஒன்றுபடவும் கட்டாயப்படுத்தியது மற்றொன்று. திருமணம் முதலியவற்றில் மலர் பயன்படுத்துவதை விலக்கியது மூன்றாவது. ஆலயத்தில் தமிழ்க் கீர்த்தனங்களையும் அவற்றிற்குரிய இசையையும் தடுத்தது நான்காவது. இப்பூசலின் விளைவாக அவர் திருச்சபைப் பணியை இழந்தார். அரசரின் ஆதரவே அவர் குடும்பத்திற்குத் துணையாயிற்று.

இந்நான்கும் ஒரே நிரலில் வைக்கப்பட்டமையே இவ்வரலாற்றின் திறவுகோல் என்பது நம் கருத்து. இவற்றுள் மூன்று முறையீடுகளில் நியாயம் சாத்திரியார் பக்கமே இருந்தது என்பதைக் காலம் காட்டிவிட்டது. அன்று விலக்கப்பட்ட கீர்த்தனங்கள் இன்று தமிழ்த் திருச்சபைகள் யாவற்றிலும் ஒலிக்கின்றன. 1871ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்றிணைந்த மொழிபெயர்ப்பு, இரேனியசின் நடையைக் காட்டிலும் பப்ரிசியசின் சொல்லாட்சியையே பெரிதும் தழுவியது. மலரைப் பற்றிய தடை நகைப்பிற்குரியதாய் மறைந்தது. அயல்நாட்டார் தம் நாட்டு வழக்கத்தையே நற்செய்தியெனப் பிறர்மேற் சுமத்தியதை எதிர்த்துத் தமிழ்ப் புலவர் ஒருவர் எழுப்பிய குரலாக இம்மூன்றும் போற்றத்தக்கன.

இரண்டாவது முறையீடோ இவற்றோடு ஓரினம் ஆகாது. மலரைச் சூடுவதால் எவரும் இழிவுறுவதில்லை. தமிழ்ப் பண்ணில் பாடுவதால் எவரும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவதில்லை. பழகிய மொழிபெயர்ப்பைப் போற்றுவதால் எவர் உரிமையும் குன்றுவதில்லை. இருக்கையைப் பிரித்து வைத்தால் மட்டும், அதன் சுமையைத் தாங்க மற்றொருவர் வேண்டும். வழக்கம் ஒன்று பண்பாடா, அநீதியா என்று அறிய விரும்புவோர் அவ்வழக்கத்தின் விலையைக் கொடுப்பவர் யார் எனக் கேட்டல் வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின் நான்கனுள் ஒன்று தனித்து நிற்பது தெளிவாகும். அவ்வொன்றையும் ஏனைய மூன்றனோடு பிணைத்தமையால், உபதேசத்தை மறுக்கின்றோம் என்னும் உணர்வு மறுத்தவர்க்கே தோன்றாமற் போயிற்று. தமிழர் வழக்கத்தைக் காக்கின்றோம் என்றே அவர் நம்பினர்.

6. மறுத்தோர் காட்டிய காரணங்கள்

தஞ்சையாரும் வேப்பேரியாரும் தம் நிலைக்குக் காட்டிய காரணங்களைத் தொகுத்து நோக்கின் மூன்று முதன்மையாகப் புலப்படுகின்றன.

முதலாவது, சாதி உலகியல் வழக்கு என்பது. உணவு, தூய்மை, மணவுறவு ஆகியவற்றைச் சார்ந்த வேறுபாடே அஃது. ஆன்மாவின் மீட்பிற்கும் அதற்கும் தொடர்பில்லை என்றனர். தெ நொபிலி பூணூலுக்குக் காட்டிய அதே பகுப்பு இங்கே இருக்கைக்குக் காட்டப்பட்டது. உலகியல் வழக்கு உலகியல் இடத்தில் நிற்குமாயின் இவ்வாதத்திற்கு ஓரளவு வலிமை உண்டு. அது திருவிருந்தின் முன்னரே வந்து நின்று, இன்னார் முன்னே, இன்னார் பின்னே என ஆணையிடும்போது உலகியல் எல்லையைத் தானே கடந்துவிடுகின்றது. இராசநாயக்கன் குருவாதலைத் தடுத்தது உலகியல் வழக்கு எனின், திருச்சபையில் உலகியலுக்கு அப்பாற்பட்டதென எஞ்சுவது யாதொன்றும் இல்லை.

இரண்டாவது, முன்னோர் இசைவு. சீகன்பால்கு வழியினரும் சுவார்ட்சு ஐயரும் பொறுத்துக்கொண்டதை இளையவர் எங்ஙனம் தடுக்கலாம் என்பது அவ்வாதம். சுவார்ட்சு ஐயர் சாதியைப் புகழ்ந்தவர் அல்லர். கண்டிப்பினும் அறிவுரையினால் அது நாளடைவில் தேயும் என எதிர்பார்த்தவர். பொறுத்தல் வேறு, ஒப்புதல் வேறு. தற்காலிகமாகக் காட்டிய பொறுமை ஒரு தலைமுறைக்குள் உரிமையாக மாறிற்று. பொறுமையின் பயனைப் பெற்றவர் ஒரு சாரார். பொறுமையைக் கடைப்பிடிக்க நேர்ந்தவர் மற்றொரு சாரார் என்பதை அன்று எண்ணியவர் சிலரே.

மூன்றாவது, கண்டிப்பவரின் தகுதியைப் பற்றியது. ஐரோப்பியர் தமக்குள் பட்டம், பதவி, குடிப்பிறப்பு ஆகிய வேறுபாடுகளைப் பேணுகின்றனர். தம் ஏவலரோடு ஒரே மேசையில் அவர் உண்பதில்லை. அவர் எங்களைத் திருத்துவது எங்ஙனம் என்று கேட்டனர். இக்கேள்வி கூரியது, அதற்கு நேரிய விடையும் கிடைக்கவில்லை. அக்காலத்து இங்கிலாந்துத் தேவாலயங்களிலேயே இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் கொடுத்தவர் முன்னிருக்கையில் அமர, ஏழைகள் பின்னே ஒதுங்கினர். யாக்கோபின் நிருபம் அவர்களையும் கண்டித்து நின்றது. ஆயினும் கண்டிப்பவர் தாமும் குற்றவாளி என்பதால் உபதேசம் தள்ளுபடியாகி விடாது. குற்றவாளிகளின் தொகை கூடும், அவ்வளவே. உபதேசத்தின் வலிமை அதனைச் சொல்பவர் ஒழுக்கத்தைப் பொறுத்தது அன்று. எனினும் அது செவிகளிற் புகுவதும் புகாததும் பெரும்பாலும் அவ்வொழுக்கத்தைப் பொறுத்தே அமைகின்றன.

7. 1833ஆம் ஆண்டு மடலும் அதன் பின்விளைவும்

1826ஆம் ஆண்டில் தஞ்சைக்கு வந்த ஈபர் அத்தியட்சர் இப்பூசலில் நிதானம் வேண்டுமெனக் கருதியவர். ஆனால் அவ்வாண்டு ஏப்பிரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் காலமானார். பின்னர்க் கல்கத்தாவின் அத்தியட்சராக வந்த தானியேல் வில்சன் 1833ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் தென்னாட்டுச் சபைகட்கு மடலொன்று விடுத்தார். சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் தயக்கமின்றி அடியோடு கைவிடல் வேண்டும், ஆலயத்தில் ஒன்றாக அமர்தலும் திருவிருந்திற்கு வேறுபாடின்றி அணுகுதலும் வேண்டும் என அம்மடல் கட்டளையிட்டது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேற்குலத்தார் பெருந்தொகையாகச் சபையை விட்டு விலகினர். நூறாண்டுக்கு மேலாக உள்ளேயிருந்து மறுத்தவர்கள் அன்றே முதன்முறையாகக் கப்பர்நகூமின் சீடரைப் போல வெளியேறினர்.

வெளியேறியவர் கிறித்தவத்தை விட்டுச் செல்லவில்லை என்பது கருதத்தக்கது. சாத்திரியார் தம் இறுதி நாள்வரை கிறித்தவப் பாடல்களையே பாடினார். 1840ஆம் ஆண்டு முதல் தரங்கம்பாடியில் பணியைத் தொடர்ந்த செருமானிய உலூத்தரன் சங்கத்தார் சாதியை ஓரளவு உலகியல் வழக்காகக் கருதிப் பொறுத்தமையால், விலகியோருட் பலர் நாளடைவில் அச்சபையைச் சார்ந்தனர். அச்சங்கத்தின் தலைவர் கார்ல் கிரௌல். 1849 முதல் 1853 வரை இந்திய நாட்டைச் சுற்றிப் பார்த்துத் தமிழ் கற்றவர். திருக்குறளைச் செருமானிய மொழியில் பெயர்த்து, தமிழ் நூல் வரிசையொன்றை வெளியிட்டுத் தமிழுலகிற்குப் பெருந்தொண்டு புரிந்தவர். பிறப்பொக்கும் எனக் கூறும் நூலைப் பெயர்த்தவரே, பிறப்பால் வந்த பிரிவை வற்புறுத்தி நீக்குதல் கூடாதென வாதிட்ட தலைவராகவும் விளங்கினார். இம்முரண் நம்மைச் சிந்திக்க வைப்பது. ஆயினும் ஒரு மக்களின் மொழியையும் வழக்கையும் மதிக்க வேண்டுமென்னும் அவாவே அவரை இந்நிலைக்குச் செலுத்தியது. சாத்திரியார் பிணைத்த நான்கனையும் கிரௌலும் பிரித்தறியவில்லை. அவர் சங்கத்திலேயே பணியாற்றிய ஓக்சு ஐயர் இதனை ஏற்காமல் விலகிப் பட்டாம்பாக்கத்தில் தனியே திருப்பணி தொடங்கினார்.

ஏனைய சங்கத்தார் வேறு வழியை நாடினர். 1850ஆம் ஆண்டில் சென்னையிற் கூடிய திருப்பணியாளர் மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை எல்லாரும் உடனமர்ந்து உண்ணும் அன்பின் விருந்து ஒரு சோதனையாகவே நடத்தப்பட்டது. உண்ண மறுத்தவர் பணியிழந்தனர். அன்பின் விருந்து என்னும் பெயர் கொண்ட ஒன்று ஆணையால் நடத்தப்பட்டபோது, அன்பைக் காட்டிலும் அஞ்சுதலே மிகுந்திருக்கும். பசிக்காமலும் மகிழாமலும் உண்டு எழுந்த பலர் உபதேசத்தை ஏற்றனர் என்று கொள்ளுதற்கில்லை. எனினும், அவ்வாணையும் இல்லாதிருந்தால் பிரிவினை இன்னும் பல தலைமுறை அசையாமல் நின்றிருக்கும் என்பதையும் மறத்தலாகாது. சலுகை மறுப்பை வளர்த்தது. கட்டாயம் மறுப்பை மறைத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியை அக்காலம் கண்டறியவில்லை.

8. சுவர் எழுந்த வரலாறு

சீர்திருத்தச் சபைகளில் மட்டுமே இந்நிலை இருந்ததெனக் கருதற்க. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம் விந்தையான அமைப்புடையது. பலிபீடம் ஒன்று, அதனை நோக்கி இருபுறமிருந்தும் வந்து கூடும் மண்டபங்கள் இரண்டு. வேளாளர் ஒரு மண்டபத்திலும் நாடார் மற்றொன்றிலும் இருப்பர், குருவை இருசாராரும் காண்பர், ஒருவரையொருவர் காணார். ஊரார் அதனைக் காற்சட்டைக் கோயில் என அழைத்தனர். உபதேசத்திற்கு எதிரான மறுப்பு கல்லிலும் சுண்ணத்திலும் உருப்பெற்ற இடம் அஃது எனலாம். 1910ஆம் ஆண்டில் பங்குக் குருவின் முயற்சியால் அத்தடுப்பு அகற்றப்பட்டது. வேளாளர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

திருமறையும் பாப்பரசர் ஆணையும் அத்தியட்சர் மடலும் முடிக்காத பூசலை உலகியல் நீதிமன்றம் முடித்து வைத்தது என்பது எண்ணுதற்குரியது. சாதி உலகியல் வழக்கு என்று சொல்லி வந்தவர்க்கு உலகியல் மன்றமே எதிராகத் தீர்ப்பளித்தது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். கடினமான உபதேசத்தை மறுப்போர் பெரும்பாலும் நம்பிக்கை குன்றியவர் அல்லர். சிலபோது அவர் சபையின் தலைசிறந்த புலவராகவும் இருத்தல் கூடும். அவர் மறுப்பு, மறுப்பு என்னும் பெயரோடு வெளிப்படுவதில்லை. மரபு, நிதானம், பண்பாடு, முன்னோர் இசைவு என்னும் பெயர்களைத் தாங்கி வருகின்றது. அப்பெயர்கள் முழுவதும் பொய்யல்ல. அவற்றுள் உண்மையும் கலந்திருத்தலே அம்மறுப்பின் வலிமை. ஆய்வாளர் கடமை அவ்வுண்மையை மதித்து ஏற்றபின், அதனோடு பிணைக்கப்பட்ட அநீதியைப் பிரித்துக் காட்டுதலேயாகும்.

வேதநாயக சாத்திரியாரைக் கற்பிக்கும் நமக்கு இதனால் ஒரு பொறுப்பு நேர்கின்றது. தமிழ்க் கீர்த்தனத்திற்காக அவர் நிகழ்த்திய போராட்டத்தை மட்டும் எடுத்துரைத்து, அதே முறையீட்டில் அடுத்த வரியாக நிற்கும் இருக்கைப் பிரிவினையை விட்டுவிடுதல் வரலாறு ஆகாது. இருக்கைப் பிரிவினையை மட்டும் சுட்டி அவர் பாடல்களைத் தள்ளுதலும் வரலாறு ஆகாது. இரண்டையும் ஒரே மாணவர் முன் ஒரே வகுப்பில் வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைக்கும்போது சாத்திரியாரின் பெயருக்கு அருகில் இராசநாயக்கனின் பெயரும் எழுதப்படல் வேண்டும். மறுத்தவர் நூல்கள் இயற்றினர். அவை நம் கையில் உள்ளன. மறுக்கப்பட்டவர் நாற்பது ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார். அவர் நடந்த வழியும் தமிழ்க் கிறித்தவ வரலாற்றின் ஒரு பகுதியே.

இஃது இறந்தகாலச் செய்தி மட்டுமன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு திசம்பரில் தலித்து மக்கள் முன்னேற்றத்திற்கென வெளியிட்ட கொள்கையறிக்கை, திருச்சபைக்குள் சாதி வேற்றுமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் கல்லறைத் தோட்டம் இன்றும் இரண்டாகவே கிடக்கின்றது. திருவிருந்தில் ஒன்றாக அமர மறுத்தவர்க்கு உயிரோடிருக்கும்போது காட்ட ஒரு காரணமாவது இருந்தது. மண்ணுக்குள் காட்டுதற்கு அதுவும் இல்லை. கப்பர்நகூமில் கடினம் என்று கூறி நீங்கியவர் தம் மனத்தை மறைக்கவில்லை. நீங்காமல் நிற்போர் எவ்வுபதேசத்தை ஏற்றோம், எதனை ஒதுக்கினோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதலே அந்நிற்றலைப் பொருளுடையதாக்கும்.